பேட்டரியைக் கழற்றிக் கொடுத்த அன்று

ராஜபாளையம்
22-11-1989

அன்பு மிக்க அண்ணன் அசன் முகம்மது அவர்களுக்கு, தங்கை அப்ரோஸ் பேகம் ஸலாத்துடன் எழுதுவது. பெங்களூரில் உங்கள் உடம்பும் வேலையும் நல்லபடியாக இருக்க அல்லாஹ் அருள வேண்டும். அத்தாவும் அம்மாவும் இருக்கிறார்கள். நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், முடியவில்லை.

போன வாரம் உங்களுக்கு வந்த கார்டு என் கையெழுத்துதான். அத்தா சொல்லச் சொல்ல எழுதினேன். "மிஷின் கெட்டு முட்டை அம்புட்டும் வெந்துபோச்சு. இருக்கிற வேலைய விட்டுறாத" என்பதற்கு மேல் சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை. நடந்தது முழுவதையும் இப்போது பள்ளிக்கூட நூலகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டில் யாருக்கும் தெரியாது.

குஞ்சு பொரிக்கும் பெட்டிக்கு நீங்கள் செய்து வைத்துவிட்டுப் போன ஒற்றைப் போர்டு கம்ப்யூட்டரை நான் என் பாடங்களைவிட நன்றாகப் பார்த்துக்கொண்டேன். முதலில் கரண்ட் போகும்போதெல்லாம் அது எல்லாவற்றையும் மறந்துவிடும். கட்டளை எண்களை ஒவ்வொன்றாக அழுத்தி மறுபடியும் பதிப்பேன். பேட்டரி ஒயரைக் குட்டையாக்கி, கனமான ஒயராகப் போடச் சொல்லி நீங்கள் எழுதிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. கரண்ட் போனால் பேட்டரியில் ஓடியது, வந்தால் சார்ஜரில் ஓடியது. பெட்டிக்குள் சூடு கூடினால் ஹீட்டரைத் தானே நிறுத்தியது.

குஞ்சு பொரிக்கும் நாள் நெருங்கியபோது ஒரு முட்டையைக் காதில் வைத்துப் பார்த்தேன். உள்ளே தட்டுகிற சத்தம் கேட்டது. அத்தாவும் வாங்கிக் கேட்டார்கள். "ஏட்டி, ஒங்க அண்ணன் வரும்போது கோழிக்குஞ்சுதான் கதவத் தெறக்கும்" என்று சிரித்தார்கள். இந்த ஈட்டு முட்டைகள் பொரித்துவிட்டால் நீங்கள் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்து, சோழபுரம் கோழிப்பண்ணைக்காரர்களுக்கும் இதே போல் போர்டு செய்து கொடுக்கலாம் என்று அத்தா தம் வாயாலேயே சொன்னதும் அன்றுதான்.

மறுநாள் எதிர்வீட்டுக் கருத்தையா மாமா இறந்துவிட்டார். போலீசில் இருந்து ஓய்வு பெற்று வந்தாரே, அவர்தான். அன்று நம் வரிசையில் கரண்ட் இருந்தது, எதிர் வரிசையில் ஃபேஸ் போயிருந்தது. பொழுது சாயும் நேரத்தில் அவர் மகன் பால்பாண்டி வந்து வாசலில் நின்றான். பட்டாளத்தில் இருக்கும் தம்பி வந்து சேர விடிந்துவிடும், அதுவரை அப்பாவை இருட்டில் கிடத்தியிருக்க முடியாது, மைக் செட் கடையில் டியூப்லைட் தருகிறார்கள், பேட்டரிதான் கிடைக்கவில்லை என்றான்.

அம்மா அத்தாவைப் பார்த்தார்கள். "நமக்குத்தான் கரண்ட் இருக்குல்ல. சாவு வீட்டுக்கு வெளிச்சம் இல்லைன்னு எப்படிச் சொல்றது? தூக்கிட்டுப் போலே" என்று அத்தா தம் கையாலேயே ஒயரைக் கழற்றிக் கொடுத்தார்கள். எனக்கும் அது சரியென்றே பட்டது. பேட்டரி கரண்ட் இல்லாத நேரத்துக்கு மட்டும்தான் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அன்றைக்குக் கரண்ட் போகவே இல்லை. அதனால் பெட்டியை யாரும் எட்டிப் பார்க்கவும் இல்லை.

சுபுஹுத் தொழுகைக்கு எழுந்து பெட்டியைத் திறந்தபோது அனல் முகத்தில் அடித்தது. போர்டின் சிவப்பு எண்கள் எதையோ காட்டியபடி அசையாமல் நின்றன. ஹீட்டர் எரிந்துகொண்டே இருந்தது. அத்தா கொல்லையில் உட்கார்ந்து முட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்தார்கள். குஞ்சுகளுக்கு இறகு முளைத்திருந்தது. ஒரு குஞ்சு ஓட்டில் மூக்கு நுனி அளவு ஓட்டை போட்டிருந்தது. அத்தா அதை மட்டும் உடைக்காமல் குழியில் வைத்தார்கள்.

போர்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு நானும் அம்மாவும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினோம். மடவார் வளாகத்தில் டி.வி. ரிப்பேர் செய்யும் வைகுண்டராஜ் தன் கடை பேட்டரியில் மாட்டி எல்லாம் சோதித்துவிட்டு, போர்டில் ஒரு குறையும் இல்லை, ஏன் இப்படி ஆனது என்று தனக்கும் விளங்கவில்லை என்றார். அப்படியென்றால் பிறகு எது கெட்டது என்று யோசித்து எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் இயற்பியல் புத்தகத்தில் சார்ஜரில் இருக்கிற மாதிரி சுற்றுக்கு ஒரு படம் உண்டு. அதிலிருந்து வரும் மின்சாரம் வரிசையாகக் குன்றுகள் போல இருக்கும். இரண்டு குன்றுகளுக்கு நடுவில் ஒன்றுமே இல்லை. அந்தப் பள்ளங்களை இத்தனை நாளும் நிரப்பிக்கொண்டிருந்தது பேட்டரிதான். கரண்ட் இருந்தாலும் பேட்டரி இல்லாமல் போர்டுக்கு நொடிக்கு நூறு தடவை கரண்ட் போய்ப் போய் வருவது போலத்தான் இருந்திருக்கும். சோதித்தும் பார்த்தேன். பால்பாண்டி திருப்பிக் கொண்டுவந்து கொடுத்த பேட்டரியை மாட்டினால் ஒழுங்காக ஓடுகிறது. கழற்றினால் உடனே குழம்பி அப்படியே நின்றுவிடுகிறது. மிஷின் கெடவில்லை, அண்ணா. நீங்கள் செய்ததில் ஒரு தவறும் இல்லை.

அன்று மாலையே புத்தகத்தோடு அத்தாவிடம் சொல்லத்தான் போனேன். அப்போது கருத்தையா மாமாவின் மனைவி சுந்தரம்மாள் அத்தை வந்து அம்மாவிடம் உட்கார்ந்திருந்தார்கள். "எளையவன் வந்து அப்பா மொகத்தப் பாத்தது ஒங்க வீட்டு வெளிச்சத்துலதான் மதினி. இல்லைன்னா அரிக்கேன் வெளிச்சத்துல என்னத்தப் பாத்திருப்பான்" என்று அழுதார்கள். முட்டைகள் போனதிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அத்தா, திரும்பாமலே, "அந்த ஒரு காரியமாச்சும் சரியா நடந்துச்சே தாயி" என்றார்கள்.

நான் புத்தகத்தை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

அத்தா இன்னும் சரியாகச் சாப்பிடுவதில்லை. முட்டைப் பெட்டியைத் தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள். "அவன் அங்கயே இருக்கட்டும். இங்க வந்து என்னத்தச் செய்யப் போறான்" என்று நம் கறிக்கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்களாம். உண்மையைச் சொன்னால் அந்தப் பேச்சு நின்றுவிடும், நீங்களும் வரலாம். ஆனால் அதற்குப் பிறகு அத்தா அந்த எதிர்வீட்டை எப்படிப் பார்ப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு நாக்கு எழவில்லை. நீங்கள் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டீர்களா, இல்லையா என்பதுகூட எங்களுக்குத் தெரியாது.

உங்கள் பதில் வந்தால் அத்தாவுக்கு நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். எழுதியிருப்பதை விட்டு வேறொன்றை வாசிக்க எனக்கு வராது என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் யோசித்து எழுதுங்கள், அண்ணா. எப்படி எழுத வேண்டும் என்று சொல்ல எனக்கு வயதும் இல்லை, தைரியமும் இல்லை.

அல்லாஹ் உங்களை ஒரு குறையும் இல்லாமல் வைக்கட்டும். வருகிறேன் என்று எழுத முடியாவிட்டாலும், அத்தா சாப்பிட வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். அதை நான் இரண்டு முறை வாசிப்பேன்.

துஆவுடன்,
உங்கள் தங்கை
அப்ரோஸ் பேகம்