டைவா காட்டாத ரசீது

ஸ்கார்வீக்,
மே 9

அன்பு மகள் குன்வோருக்கு,

நான் நலம். வலி அடங்கியிருக்கிறது. நேற்று ஒரு கிண்ணம் மீன் சூப் மிச்சம் வைக்காமல் குடித்தேன். உங்கள் வீட்டுக் கூரை ஒழுகுவது நின்றதா?

ஈஸ்டருக்கு வந்தபோது, வலிக்கான மார்ஃபின் மாத்திரை அட்டைகள் காலியாகக் கிடந்ததையும் நான் வலியில் முனகியதையும் பார்த்தாய். மாத்திரை தீர்கிறது, வலி தீரவில்லை. அப்படியானால் என்னைப் பார்த்துக்கொள்ள வரும் டைவாதான் திருடுகிறாள் என்று, அவளை வேலைக்கு அனுப்பும் நகராட்சிக்கு எழுதினாய். மகளாக நீ செய்ததில் தவறில்லை. ஆனால் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

குன்வோர், எடுத்தது நான். விழுங்குவதுபோல் நடித்து, கம்பளிக் காலுறைக்குள் சேர்த்துவைத்தேன். உன் அம்மா போன பிறகு வந்த முதல் குளிர்காலம். எதற்குச் சேர்த்தேன் என்று எழுதக் கை வரவில்லை.

நீ ஊர் திரும்பிய வாரம், துணி மடிக்கும்போது டைவா அதைக் கண்டுபிடித்தாள். கத்தவில்லை. கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பெரியவரே, இத நீங்களே தர்றீங்களா, இல்ல நான் இப்படியே உக்காந்திருக்கட்டுமா? எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

அவளுக்கு அவசரம் இருந்தது. அன்று அவள் போக வேண்டிய வீடு இன்னும் மூன்று பாக்கி. ஆனாலும் ஒரு மணி நேரம் எழவில்லை. கொடுத்துவிட்டேன். அன்றே இருவரும் மருந்துக்கடைக்குப் போய்த் திருப்பிக் கொடுத்தோம். டாக்டரிடம் நானே சொல்கிறேன், மகளுக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்று கெஞ்சினேன். தலையாட்டினாள்.

மருந்துக்கடைக்காரர் அன்று தந்த ரசீது, விசாரணையின்போது அவள் பையிலேதான் இருந்திருக்கிறது. காட்டினால் விஷயம் உன் காதுக்கு வரும். "நான் திருடல" என்பதோடு நிறுத்திக்கொண்டாளாம்.

அவளுக்குப் பதிலாக வந்த பெண் சொல்லித்தான் அவளை நிறுத்தியது எனக்குத் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை டாக்ஸி பிடித்து, சக்கர நாற்காலியோடு நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். டைவாவையும் கூப்பிடச் சொல்லி, மேலாளர் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த எண்பத்து நான்கு வருடத்தில் ஒருநாளும் அப்படிக் கூனிக்குறுகியதில்லை.

"இத ஏம்மா நீ முதல்லயே சொல்லல?" என்று அவர் டைவாவைக் கேட்டார்.

"அது அவரோட விஷயங்க. அவர்தான் சொல்லணும்."

வாசலுக்கு வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டாள்: "இந்த மழையில தொப்பி இல்லாமலா கெளம்பி வருவாங்க? உங்களுக்குப் புத்தி இருக்கா?" திட்டிக்கொண்டே அழுதாள்.

திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புகிறாள். டாக்டர் மருந்தை மாற்றியிருக்கிறார். மனம்விட்டுப் பேசவும் வாரம் ஒருமுறை ஒருவர் வருகிறார்.

அவளுக்கு நாலு வரி எழுதம்மா. மன்னிப்பு என்று எழுத வராவிட்டால், நன்றி என்று எழுது. ஜூலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா. நான் இருப்பேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்கும்
உன் அப்பா
தூர்லெய்ஃப்