இடப்பக்க ரப்பரும் வலப்பக்க ரப்பரும்

என் அன்பு அப்பச்சிக்கு,

நம் பங்காளிகள் அத்தனை பேரும் முகப்பில் கூடி, ஆற அமர விவாதித்து, உங்கள் கறுப்புக் காரின் பானெட்டைத் திறக்கலாம் என்று ஒருமனதாக முடிவெடுத்தார்கள். வலையபட்டியில் இப்படியொரு ஒற்றுமையை நீங்கள் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

என் மகள் வள்ளிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவளை மடியில் வைத்துக்கொண்டு, "ஒன் மாப்பிள்ளை இந்தக் காருலதான் வருவாக" என்று நீங்கள் சொன்னதை அவள் மறக்கவில்லை. ஆனால் என்ஜினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் இரண்டும் இற்றுப்போயிருந்தன. ஸ்டார்ட் செய்தால் கார் நின்ற இடத்திலேயே சாமியாடியது.

இடப்பக்க அறைகள் நமக்கு, வலப்பக்க அறைகள் உங்கள் தம்பிக்கு, கார் பொது என்று நீங்கள்தானே பிரித்துவைத்தீர்கள்? சித்தப்பா அதைக் காருக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார்.

"இடப்பக்க ரப்பர நீ போடு, வலப்பக்கம் எங்களுது."

"அப்ப என்ஜின்?"

"அது பொது."

நான் மதுரையிலிருந்து புது ரப்பர் வரவழைத்தேன். அவர் மானகிரியில் லாரி டயரை வெட்டி, தடியாக ஒன்று செய்து வாங்கினார். இரண்டையும் மாட்டிய மெக்கானிக் நெற்றியைத் தேய்த்தார். "வலப்பக்கம் ஒசந்து, என்ஜின் சாஞ்சு நிக்கிதுண்ணே. ஃபேன் போயி ரேடியேட்டர்ல அடிக்கும். ரெண்டும் ஒரே மாதிரி போடுங்க."

"எங்க பக்கம் ஒசந்திருக்குறது இவுகளுக்குப் பொறுக்கல," என்றார் சித்தப்பா. "வேணும்னா நீயும் ஒசத்திக்க."

லாரி டயரின் உயரத்துக்கு என் ரப்பரை ஏற்றுவதா? நானும் உங்கள் பிள்ளைதானே.

மாப்பிள்ளை அழைப்பன்று பிள்ளையார் கோயிலில் மாப்பிள்ளை காரில் ஏறினார். ஊருணிக் கரை மேட்டில் ஃபேன் ரேடியேட்டரைக் கிழித்தது. தண்ணீர் முழுவதும் தெருவில். சித்தப்பா வலப்பக்கமும் நான் இடப்பக்கமும் குனிந்து பார்த்தோம். ரப்பர் இரண்டும் பழுதில்லாமல் இருந்தன.

நீங்கள் இருந்திருந்தால் யார் பக்கம் பேசியிருப்பீர்கள்? வேண்டாம், சொல்லாதீர்கள். ரேடியேட்டர் நடுவில் இருப்பதால், அதற்கு இன்னும் கூட்டம் கூடவில்லை. ஆனாலும் வாக்குத் தருகிறேன்: வள்ளியின் பிள்ளை உங்கள் காரில்தான் இந்த வீட்டுக்கு வரும். அன்று இரண்டு ரப்பரும் ஒரே கடையில் வாங்கியவையாக இருக்கும்.

உங்கள் இடப்பக்கத்து மகன்

பி.கு.: மாப்பிள்ளை மெக்கானிக்கின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து வந்தார். வீடியோவில் இருக்கிறது.