கெசியாவின் ஆறு வரிகள்

டால்பி
ஜனவரி 14

அன்புள்ள ஹேமிஷுக்கு,

கர்த்தருடைய சமாதானம் உன்னோடு இருக்கட்டும். என்னிடம் இன்றைக்கு அது துளிகூட இல்லை.

இதைப் போனிலேயே சொல்லக்கூடாதா என்பாய். போனில் சொன்னால், "ம்... ம்... பாக்கலாம்" என்பாய், பின்னால் லாரி சத்தம் கேட்கும், அவ்வளவுதான். கடிதமென்றால் சுரங்க முகாமில் உட்கார்ந்து இரண்டு தடவை படிக்கலாம். இரண்டு தடவை படி.

முதலில் என் மானம் போன கதை. நம் கெசியாவை வீட்டிலேயே படிக்கவைக்க இந்த வருஷத்துக்கு நான் அரசாங்கக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பிய பாடத்திட்டம் திரும்பி வந்துவிட்டது. இந்தப் பிள்ளைக்கென்று எழுதியதாகத் தெரியவில்லை, மாதக் கடைசிக்குள் புதிதாக எழுதி அனுப்புங்கள் என்று மிக மரியாதையாக ஒரு கடிதம். உண்மைதான். பெரியவன் சைலஸுக்குப் பதினொரு வயதில் போட்ட திட்டத்தை எடுத்து, பெயரை மாற்றி, அவனை அவளாக்கி அனுப்பிவிட்டேன். அதில் "தினமும் தங்கைக்கு வேதாகமம் வாசித்துக் காட்டுவாள்" என்று ஒரு வரி இருந்திருக்கிறது. கெசியாவுக்கு ஏது தங்கை!

சைலஸ் பட்டறையிலிருந்து வந்து விழுந்து விழுந்து சிரித்தான். "எனக்கு இன்னொரு தங்கச்சி இருக்கறத ஏம்மா மறைச்ச?" என்கிறான். சபையின் வீட்டுப்பள்ளிக் குழுவில் மெர்ல் இன்னும் மோசம். "ஒவ்வொரு பிள்ளையையும் ஆண்டவர் தனித்தனியா படைச்சாருன்னு புதுசா வர்றவங்களுக்குக் கிளாஸ் எடுக்கறதே நீதான். நீயே காப்பி அடிச்சா எப்படிடி?" என்று தேநீர்க் கோப்பையோடு எல்லார் முன்னாலும் கேட்டாள். நான் பிஸ்கட்டைத் தின்றேன்.

எனக்கும் அலுத்துப்போய்விட்டது, ஹேமிஷ். பம்பு கிளம்பவில்லை, ஓடைப் பக்க வேலி சாய்ந்து கிடக்கிறது, நாற்பது டிகிரி ஜனவரிக் கோடை வெயில். இதில் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுத்தே தொண்டை வற்றுகிறது. ஒரு வருஷம் என்று போனவன் நீ. நான்கு வருஷம் ஆகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை காலை, முன்பே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். மேஜைமேல் பெரிய காகிதத்தை விரித்து, இரண்டு பேரும் ஜெபம் பண்ணி, "இந்த வருஷம் நீ என்ன படிக்க ஆசைப்படுகிறாய், யாரோடு, எப்போது, எல்லாம் உன் கையாலேயே எழுது" என்று பென்சிலைக் கொடுத்தேன். அவள் யோசிக்கவே இல்லை. மடமடவென்று ஆறு வரி எழுதினாள்.

கணக்குக்கு, தொட்டித் தண்ணீர் எத்தனை நாள் வரும் என்று அளந்து பார்ப்பது. அப்பாவோடு. அறிவியலுக்கு, பம்பைப் பிரித்துப் பூட்டுவது. அப்பாவோடு. வேதபாடத்துக்கு, நெகேமியா எருசலேமின் இடிந்த அலங்கச் சுவரைக் கட்டியது. அதை ஓடைப் பக்க வேலியைக் கட்டிக்கொண்டே படிப்பது. அதுவும் அப்பாவோடு. பறவைகள், வரைபடம் இரண்டும் அப்படியே.

எனக்குச் சுருக்கென்றது. அப்போ நான் எதுக்குடி என்று கேட்டே விட்டேன். ஆறாவது வரியைக் காட்டினாள். "எழுத்துப்பிழை திருத்தறது உனக்கும்மா. அத அப்பாகிட்ட குடுத்தா நானும் அவரும் சேந்து ஃபெயிலாயிடுவோம்" என்றாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

கோபத்தோடுதான் சொன்னேன், அப்பா மூன்று வாரம் அங்கே, ஒரு வாரம்தான் இங்கே, அந்த ஒரு வாரமும் பாதி தூங்குகிறார், இதெல்லாம் நடக்கிற காரியமா என்று. அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தெரியும்மா. அதனாலதான் பாடத்துல போட்டேன். போன்ல கேட்டா பாக்கலாம்ங்கறாரு. பாடத்திட்டத்துல இருந்தா கவர்மென்ட்டுக்குப் போயிடும், அப்புறம் அவரு வந்துதானே ஆகணும்?"

நான் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன். கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன்.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நீ காட்டிய காகிதத்தைப் பற்றி அவளுக்குத் தெரியாது. சுரங்க வேலைக்கு இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம், ஜனவரிக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்றாயே, அதுதான். நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். நீ இல்லாததற்கு இதுவரை நான் சொன்ன சமாதானங்கள் போதும்.

அவள் எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரு வார்த்தைகூட நான் மாற்றவில்லை, பிழையைக்கூடத் திருத்தவில்லை. முடியாததை நீயே உன் பேனாவால் அடித்து, அவள் பெயருக்கு அனுப்பு. ஐந்தையும் அடிப்பதானால் ஐந்தையும் அடி. முடியுமென்றால், கீழே "ஆசிரியர்" என்று அவள் கோடு போட்டு விட்டிருக்கிற இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே. கர்த்தர் உன் கையைக் காக்கட்டும். இந்த மாதம் அது எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறதோ, அதையும் அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

உன்
ரோவீனா