உருள்பாதைக்கு வாசல் கொடுத்தவர்கள்

நிலம் விளைக, நீர் வழங்குக, குடிகளின் அழுகைக்கு அஞ்சும் கோல் நிலைக்க.

மருதவேலி நாடாளும் அரசி உலகுடைய நாச்சி, வடவெல்லைப் பாசறையிலிருந்து நெடுவாயில் மாநகரின் நகராள்வார் விழுப்பரையருக்கு விடுக்கும் ஓலை. நகரின் மதிலும் மாடமும் நலமாய் நிற்க. அம்மதிலுக்குள் இருப்போரும், இருந்து வெளியேறியோரும் நலம் பெறுக.

மருத்துவச்சி கொற்றி என்பவள் பேறு பார்க்க வர மறுக்கிறாள் என்றும், நகரப் பெருவீடுகள் தவிக்கின்றன என்றும், அவளைக் கட்டாயப்படுத்தி அழைக்க அரச ஆணை வேண்டுமென்றும் எழுதியிருந்தீர். அவள் ஏன் மறுக்கிறாள் என்று நீர் எழுதவில்லை. ஆள் விட்டு விசாரித்தோம். அறிந்ததை உமக்கே எழுதுகிறோம். ஒரு வரியும் விடாது படிப்பீராக.

துறைமுகத்துக்கும் அங்காடிக்கும் இடையே இரும்புப் பட்டை பதித்து, எருதுகள் இழுக்கும் நெடுவண்டி ஓடுமாறு நீர் உருள்பாதை சமைக்கத் தொடங்கியபோது, அது ஈச்சங்காட்டுத் தெருவின் ஊடே போக வேண்டியிருந்தது. சுமை தூக்குவோரும் பாய் முடைவோரும் மீன் விற்போரும் குடியிருந்த தெரு அது. முளையடிக்க வந்த உம் ஆட்களை அவர்கள் மறித்தார்கள். மறித்தவர்களை விலக்கியது உம் காவலர் அல்லர், கொற்றி. அத்தெருவில் பாதிப்பேர் அவள் கையில் பிறந்தவர்கள் ஆதலால் அவள் சொல் எடுபட்டது. அவள் சொன்னதைக் கேட்டவர்கள் சொன்னபடியே எழுதுகிறோம்: "நம்ம பொம்பளைங்க தலைச்சுமையோட நடந்தே கழுத்து இறங்கிப் போச்சு. வண்டி வந்தா உக்காந்து போவாங்கடா. வாசல்தானே கேக்குறாங்க, வீட்டையா கேக்குறாங்க?"

சொன்னதோடு நில்லாமல், தன் வாசற்பந்தலைத் தானே முதலில் பிரித்தாள். எவரும் குடிபெயர நேராது, மனைவரி உயராது என்று அன்று நீர் மன்றத்தில் வாக்களித்தீர்.

பாதை முடிந்தது. வண்டி நிற்கும் இடமென்றதும் ஈச்சங்காட்டு மண்ணுக்கு மவுசு கூடியது. வணிகர் வந்தனர், சத்திரமும் பண்டசாலையும் மாளிகையும் எழுந்தன. மாளிகைக்கு என்ன வரியோ, அதன் பக்கத்துக் கூரைவீட்டுக்கும் அதே வரி என்று நீர் விதித்தீர். யாரையும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை என்று உம் அலுவலர் சொல்கின்றனர், மெய்தான். தள்ளாமலே தெரு காலியாயிற்று. ஒவ்வொரு குடியாக ஆற்றைக் கடந்து, அக்கரை மணல்மேட்டில் கீற்று மறைத்துக் குடியேறினார்கள்.

கொற்றியும் பிள்ளைத்தாய்ச்சியான தன் மகள் அல்லியும் கடைசியாகப் போனவர்கள். மணல்மேட்டில் அவர்களை யாரும் ஏசவில்லை. பாய் முடையும் ஒருத்தி மட்டும், ஓலை கிழித்துக்கொண்டே, "ஒன் பேச்சைக் கேட்டுத்தான் அக்கா வாசலை விட்டோம்" என்றாளாம். அன்று கொற்றி சோறு உண்ணவில்லை என்று அக்கம்பக்கத்தார் கூறினர்.

பிழைப்பு நகரத்தில் இருந்தது. நாள்தோறும் அவள் ஓடமேறி வந்து போனாள். ஒருநாள் தன் பழைய தெருவில் எழுந்த மாளிகையொன்றில் அவள் பேறு பார்த்துக்கொண்டிருக்கையில், அல்லிக்கு நோவு கண்டதென்று ஆள் வந்தது. கையிலிருந்த பேற்றைப் பாதியில் விட அவளுக்கு மனம் வரவில்லை. அந்தப் பிள்ளை அழுத குரல் கேட்டபின்தான் வெளியே வந்தாள். உருள்பாதை கடல்துறைக்கும் அங்காடிக்கும் போகும், ஆற்றுக்குப் போகாது. உச்சிவெயிலில் ஓடினாள். ஆற்றுத் துறையில் ஓடம் நின்றது. ஆயினும் வணிகர் மூட்டைகள் ஏறி முடியும்வரை அதை அவிழ்க்கலாகாது என்பது உமது விதி. ஓடக்காரன் காலை அவள் பிடித்தாளாம். "என்னால ஆகாது தாயி, என் ஓடத்தையே பிடுங்கிருவாங்க" என்று அவனும் அழுதானாம்.

அவள் அக்கரை சேர்ந்தபோது அல்லியும் இல்லை. அவள் வயிற்றுப் பிள்ளையும் இல்லை.

இழவு நீராடிய ஈரம் காயாத சீலையோடு மறுநாள் அவள் உம் மன்றத்துக்கு வந்தாள். உருள்பாதை உயர்ந்தோர்க்கும் எளியோர்க்கும் பொதுவென்றும், ஏற விரும்பும் எவரையும் அது விலக்குவதில்லையென்றும் நீர் மறுமொழி கூறி, ஆறுதலுக்கு ஒரு பட்டுத்துணி கொடுக்கச் செய்தீர். அவள் அதை மடித்து உம் காலடியில் வைத்துச் சொன்னது இது:

"துணி வேணாம் ஐயா. வண்டி பொதுன்னு சொன்னீங்க, பொதுதான். அது நிக்கிற எடத்துல நாங்க இல்ல. நாங்க இருக்கிற எடத்துல அது நிக்கல. வாசலைக் கேக்க வந்தீங்களே, அன்னிக்கே இதையும் சொல்லியிருந்தா நானே முளையைப் பிடுங்கிப் போட்டிருப்பேன்."

நீர் மன்றத்தைக் கலைத்தீர். அன்றுமுதல் அவள் எந்த வீட்டுக்கும் போவதில்லை. அவளைக் கட்டாயப்படுத்த ஆணை தாரோம். பெற்ற மகளுக்கு உதவாத கையை ஊருக்கு உதவென்று சொல்ல எந்த அரசுக்கும் வாயில்லை.

இனி ஆணை.

ஈச்சங்காட்டில் குடியிருந்தோர்க்கு மனைவரி முன்போல் ஆகுக. திரும்ப விரும்புவோர்க்குப் பண்டசாலைகளை இடித்தேனும் இடம் தருக. உருள்பாதை ஓடத்துறைவரை நீள்க. ஆள் ஏறக் காத்திருக்கையில் மூட்டைக்காக ஓடம் நிற்றல் இன்றோடு ஒழிக. இனி எத்தெருவிலும், அத்தெருவார் மன்றத்தில் சமமாய் அமர்ந்து, பாதை வந்தபின் தாம் எங்கே இருப்போம் என்று கேட்டு, விடை பெற்று, இசைந்தாலன்றி ஒரு முளையும் இறங்கலாகாது.

இவ்வோலையை நீரே ஏந்தி, பல்லக்கும் குடையும் இன்றி நடந்து, ஓடத்தில் முறைவரக் காத்திருந்து, மணல்மேட்டில் கொற்றியின் குடிசைமுன் நின்று உரக்கப் படிப்பீராக. அவளும் மணல்மேட்டாரும் என்ன சொல்கிறார்களோ அதை ஒரு சொல்லும் திருத்தாது எழுதி அனுப்புவீராக. ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டால், ஒன்றும் சொல்லவில்லை என்றே எழுதுவீராக.

இது நம் கைச்சாத்து. இது நம் மருதமுத்திரை. இவ்வாணைக்கு மாற்றில்லை.