நாலாம் மேசையின் சிவப்பு

இன்று மதியம் அலுவலகத்தில் யாரோ எறா வறுவல் டப்பாவைத் திறந்தார்கள். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு அது உன் சேலை வாசனை. சாப்பிடாமல் எழுந்து மாடிப்படியில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

ராயபுரத்தில் எறா உரித்து ஏற்றுமதி செய்த அந்தக் கம்பெனியில் கீழே நீ மேற்பார்வை. மேலே ஏசி அறையில் நான் கம்ப்யூட்டர். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. எந்த மேசை மணிக்கு எத்தனை கிலோ உரிக்கிறது என்று நீ எழுதி அனுப்புவாய். நான் அதைத் திரையில் பச்சை, மஞ்சள், சிவப்பாக மாற்றுவேன்; குறைவாக உரித்தால் சிவப்பு. அதைப் பார்க்காமல் முதலாளி எந்த முடிவும் எடுப்பதில்லை என்றானபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நாலாம் மேசை தொடர்ந்து சிவப்பாகவே இருந்தது. அங்கே நின்ற ஆறு பெண்களையும் வேலையை விட்டு நிறுத்தினார்கள். அன்று நீ கையைக்கூடக் கழுவாமல் மேலே வந்தாய். குரலை உயர்த்தவில்லை.

"மேல குந்திகினு கலர் அடிச்சிகினு கீறியே, ஒரு நாளாச்சும் கீழ வந்து பாத்தியாடி?"

வந்தேன். பெரிய எறாவெல்லாம் முதல் மூன்று மேசைக்குப் போனது. நாலாவதற்கு மிஞ்சிய பொடி எறாதான். அதை உரிக்க நேரம் பிடிக்காதா? தாளின் ஓரத்தில் தினமும் 'பொடி' என்று நீ எழுதியிருந்தாய். என் திரையில் அதற்கு இடமில்லை, விட்டுவிட்டேன்.

எறாவின் அளவுக்கென்று அன்றே ஒரு கட்டம் சேர்த்தேன். நாலாம் மேசை பச்சையானது. இருவருமாகப் போய் முதலாளியிடம் காட்டினோம். வெகுநேரம் பார்த்துவிட்டு, ஆட்களைத் திரும்பக் கூப்பிடச் சொன்னார்.

ஐந்து பேர் வந்தார்கள். தனம் மட்டும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டுச் சந்துகளில் அவளைத் தேடி அலைந்தோம். பிள்ளைகளோடு வீட்டைக் காலி செய்துவிட்டாள், எங்கே என்று தெரியாது என்றார்கள் பக்கத்து வீட்டில். திரும்பும் வழியில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாய்.

"நான் எழுதுனேன், நீ படிக்கல. அவ்ளோதான். இனிமே படி."

நீ போய்ச் சேர்ந்த செய்தி எனக்கு வந்தபோது காரியமே முடிந்திருந்தது. இப்போது நான் இருக்கும் அலுவலகத்தில் எண்கள் தாமாகவே திரைக்கு வருகின்றன. ஓரத்தில் எழுத யாரும் இல்லை. எங்காவது சிவப்பு தெரிந்தால் அங்கே நிற்பவரை போனில் கூப்பிட்டு என்ன நடந்தது என்று கேட்கிறேன். முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறார்கள். ஏன் கேட்கிறேன் என்று சொல்ல எனக்கு ஆளில்லை.

சில ஞாயிறுகளில் காற்றாட நடந்துவிட்டு வருவதாக வீட்டில் சொல்லிவிட்டுக் காசிமேடு போகிறேன். மீன் ஏலத்துக்குக் கூடையோடு வரும் பெண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடக்கிறேன். தனத்துக்கு இப்போது என்ன வயதிருக்கும் என்று கேட்கப் பக்கத்தில் நீ இல்லை.