மூங்கிலுக்குத் தோள் கொடுத்தேன்

ஆகஸ்ட் 11, ஞாயிறு இரவு

இன்றைக்கு என் வீட்டுக்காரருடைய ஜீப்பின் பாடியைத் தூக்கினார்கள். பாடியைத் தாங்கும் சேசிஸ் துருப்பிடித்து உக்கிப் போய்விட்டது, பாடியை இறக்கி வைத்துத்தான் வெல்டிங் அடிக்க வேண்டும் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வண்டி ஓடினால்தான் எங்களுக்குச் சோறு. கொழுந்தன் ராஜுவிடம் நான்தான் உதவி கேட்டேன்.

ராஜு உக்குவளையிலிருந்து கூட்டாளிகளைக் கூட்டி வந்தான். அடியில் இரண்டு மூங்கிலைக் கொடுத்துத் தோளில் வாங்கினார்கள். வாங்கும்போது அவர்களில் ஒருத்தன், சுரேஷ், "கோவிந்தா! கோவிந்தா!" என்று கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். ராஜுவும் சிரித்தான். போன மாதம் இதே வாசலில் அவன் அண்ணனைப் பாடையில் தூக்கும்போதும் அந்தச் சத்தம்தான்.

"எறக்குங்கடா!" என்றேன். இருந்த இடத்திலேயே இறக்கினார்கள்.

"சும்மா பகிடிக்குத்தான் அக்கா. பழக்கத்துல வந்துருச்சு" என்றான் சுரேஷ்.

"என்னடா பழக்கம்? அவர எத்தன தடவ தூக்குன?"

ராஜு குறுக்கே வந்தான். "அண்ணி, நீங்க உள்ள போங்க."

அன்றைக்கும் இதையேதான் சொன்னான். பொம்பளைகள் சுடுகாட்டுக்கு வரக்கூடாது என்று என்னை வாசலோடு நிறுத்தினார்கள்.

இன்றைக்கு நான் உள்ளே போகவில்லை. சுரேஷைத் தள்ளிவிட்டு அவன் பிடித்த மூங்கிலுக்கு நானே தோள் கொடுத்தேன். "தூக்குங்க" என்றேன். மற்றவர்கள் குனிந்து தூக்கினார்கள். பழைய டயர்களின் மேல் இறக்கி வைக்கும்வரை நான் விடவில்லை.

தோள் வீங்கிவிட்டது. ராஜு தைலம் கொடுத்தனுப்பியிருக்கிறான். தொடவில்லை. வலிக்கட்டும். அன்றைக்கும் விட்டிருந்தால் தூக்கியிருப்பேன்.