கோட்டுப் பையின் எடை

ஜூன் 2, செவ்வாய்

எடை 51.4. சென்ற செவ்வாயும் 51.4. அதற்கு முந்தைய செவ்வாய் 51.5.

கணவரின் உணவுக்குழாயில் உள்ள புற்றுக்கட்டி எதையும் எளிதாக இறங்க விடுவதில்லை. எடை ஐம்பதுக்குக் கீழே போனால் மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் உணவு என்று டாக்டர் பெண் முதல் நாளே சொல்லிவிட்டாள். ஆகவே ஐம்பது எங்கள் வீட்டின் எல்லைக்கோடு.

"பாத்தியா டீச்சரம்மா, ஒரு கிராம் அசையல" என்றார், கோட்டை இழுத்துவிட்டபடி. ஆஸ்பத்திரி அறை குளிர்கிறதாம்; ஜூன் மாதத்தில் கம்பளிக் கோட்டு. சரி, நோயாளிக்குக் குளிரும்.

ஜூன் 4, வியாழன்

மூன்று பேர், மூன்று பத்தியம். அவருக்கு எல்லாம் அரைத்து, வடிகட்டி, ஆறவைத்து. மாமியாருக்கு உப்பில்லாமல். எனக்கு இவ்விரண்டிலும் மிஞ்சியது.

மாமியாருக்குத் தொண்ணூற்று மூன்று வயது. பார்வை அநேகமாகப் போய்விட்டது. காதும் நாக்கும் முழு அதிகாரத்துடன் பணியில் நீடிக்கின்றன. மகனின் நோய் அவருக்குத் தெரியாது. மாமனாரைக் கொண்டுபோனதும் இதே நோய்தான். எட்டு மாதம் அருகிலிருந்து பார்த்தவர் அவர். "அம்மா இருக்கிற வரைக்கும் இது அவங்க காதுல விழக்கூடாது" என்று கணவர் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். எனவே செவ்வாய்க்கிழமைகளில் நாங்கள் பென்ஷன் அலுவலகத்துக்குப் போகிறோம்.

"வாராவாரம் என்னம்மா பென்ஷன் ஆபீஸு? அங்கயே மறுபடி வேலைக்குச் சேந்துட்டானா?"

கோப்பு தொலைந்துவிட்டது என்றேன். முப்பத்தைந்து ஆண்டு வேதியியல் கற்பித்த வாய்.

ஜூன் 6, சனி

மாலை ஏழு மணிக்கு அன்றாட ஆய்வு. மாமியார் மகனின் முகத்தை விரல்களால் படிக்கிறார்: நெற்றி, மூக்கு, தாடை. கன்னத்துக்கு வரும்போது இவர் உள்ளே காற்றடைத்து உப்பிக்கொள்கிறார். எழுபத்தொரு வயது. நான் செய்தித்தாளுக்குள் முகத்தை வைத்துக்கொள்கிறேன்.

மூக்கில் குழாய் வந்தால் இந்த நாடகம் அன்றே முடியும். அவர் அஞ்சுவது குழாய்க்கு அல்ல, அந்த விரல்களுக்கு.

ஜூன் 9, செவ்வாய்

51.4.

ஜூன் 10, புதன்

நேற்றைய எண் உறுத்துகிறது. ஆய்வகத்தில் ஒரு மாணவன் மூன்று முறையும் ஒரே விடையைக் கொண்டுவந்தால் நான் பாராட்டியதில்லை. நான்காம் முறை என் கண்ணெதிரில் செய்யச் சொல்வேன். இவர் உட்கொள்வது நாளுக்கு நான்கு குவளை. பெல்ட்டில் புதிதாக இரண்டு துளைகள். எடை மட்டும் அசையவில்லையாம்.

வீட்டிலேயே நிறுத்துப் பார்க்கலாமென்றால், எங்கள் எடைக்கருவி பொய் சொல்கிறது என்று மே மாதமே தீர்ப்பளித்துப் பரணில் ஏற்றிவிட்டார். நான் மறுக்கவில்லை. எடை அளவை ஆய்வாளராக முப்பத்திரண்டு ஆண்டு இருந்தவர். அவர் தெருமுனையில் திரும்பும்போதே தராசுகள் நேராகிவிடும் என்பார்கள்.

ஜூன் 13, சனி

துணி அடுக்கும்போது அலமாரியின் அடித்தட்டில் அவருடைய மரப்பெட்டி. கடைகளைச் சோதிக்கக் கொண்டுபோகும் பித்தளை எடைக்கல்கள்; ஓய்வுபெற்றபோது அலுவலகம் நினைவுப்பரிசாகக் கொடுத்தது. பச்சை வெல்வெட்டில் ஒவ்வொன்றுக்கும் அதனதன் குழி.

இரண்டு கிலோவின் குழி காலி. ஒரு கிலோவின் குழி காலி. இருநூறு கிராம் இரண்டும் இல்லை.

கோட்டு கதவுக்குப் பின்னால் தொங்கியது. தூக்கிப் பார்த்தேன்.

அதாவது 48. வாராவாரம் குறைந்ததை வாராவாரம் பையில் போட்டு ஈடுகட்டியிருக்கிறார். தராசுத்தட்டின் அடியில் கடைக்காரர்கள் ஒட்டிய மெழுகை நகத்தால் சுரண்டிக் காட்டிய மனிதர்!

ஏன் இப்படிப் பண்ணுறீங்க? எடையை வச்சுத்தானே மருந்தையே அளக்குறாங்க — இல்லாத மூணு கிலோவுக்கும் சேத்துல்ல ஏறிக்கிட்டு இருக்கு. இது தெரியாதா உங்களுக்கு? எனக்கு ஏன் இவ்வளவு நாள் தெரியல?

ஜூன் 14, ஞாயிறு

கேட்டேன். மறுக்கவில்லை.

"ரெண்டு வாரம் மட்டும்னுதான் ஆரம்பிச்சேன்."

"உங்ககிட்ட மாட்டுன கடைக்காரங்க எல்லாரும் இதத்தான சொல்லியிருப்பாங்க?"

"அம்மாவுக்குத் தெரிஞ்சிடும்."

"நீங்க இல்லாமப் போனா மட்டும் தெரியாதா?"

"டாக்டர்கிட்ட நீ சொல்லப்போறியா?"

"நான் ஏன் சொல்றேன்? நீங்க சொல்லுவீங்க. செவ்வாய்க்கிழமை, கோட்டு இல்லாம."

"குளிருமே" என்றார்.

அந்த இடத்தில் சிரிப்பது முறையல்ல என்பதால் சமையலறைக்குப் போய்விட்டேன்.

ஜூன் 16, செவ்வாய்

டாக்டரின் மேசைமேல் எடைக்கல்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பெரியது முதலில், சிறியது கடைசியில். பழக்கம். "இவ்வளவும் நான் இல்லம்மா" என்றார். பிறகு சட்டையோடு ஏறி நின்றார். 47.8.

அந்தப் பெண் கோபப்படவில்லை. மருந்தளவில் பெரிய பிசகு இல்லையாம், பிசகு வேறிடத்தில். "உங்க உடம்பு கரையறது என் கண்ணுலயே படாமப் போச்சே சார். இந்தக் குழாயை ஒரு மாசம் முன்னாடியே போட்டிருப்பேன்." இனி முதலில் உணவு. ஐம்பதைத் தொட்டால்தான் மீண்டும் மருந்து. குழாயைப் பிற்பகலிலேயே போட்டுவிட்டார்கள்.

மாலை ஏழு மணி. விரல்கள் நெற்றியிலிருந்து இறங்கி மூக்கில் நின்றன. கன்னத்தில் ஒட்டிய பிளாஸ்திரியின் ஓரத்தைத் தடவின.

"போட்டுட்டாங்களா" என்றார் மாமியார்.

"அம்மா..."

"உங்கப்பாவுக்கும் இந்தப் பக்கந்தான் போட்டாங்க. இனிமேலாவது கன்னத்த உப்பாம உக்காரு. ரெண்டு மாசமா தவள மாதிரி." பிறகு என் பக்கம் திரும்பி, "நீயும் கூடச் சேந்து, பென்ஷன் ஆபீஸாம். அந்த ஆஸ்பத்திரி வாசம் எனக்குத் தெரியாதா? சொல்லாம இருந்தாத்தான் அவனுக்கு நிம்மதின்னு நானும் வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

அவர் தாயின் மடியில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து விளக்கைப் போட்டேன்.

மூவரும் ஒருவரையொருவர் காப்பாற்றியதில் ஒருவர் உடம்பிலிருந்து மூன்று கிலோ போயிருக்கிறது.

ஜூன் 22, திங்கள்

மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை குழாயில் உணவு. நேரம் பார்ப்பதை மாமியார் எடுத்துக்கொண்டார். வானொலி அவருடைய கடிகாரம். "மூணாச்சு, இன்னும் ஊத்தலியா? காலேஜுலயும் இப்படித்தான் லேட்டாப் போவியா?" என் வேலை குறைந்திருக்கிறது. என் மரியாதையும்.

ஜூன் 30, செவ்வாய்

48.6.

ஜூலை 14, செவ்வாய்

மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

எடை 50.2 என்றது கருவி. நர்ஸ் கைதட்டினாள். அவர் இறங்கி, குனிந்து, பெட்டியிலிருந்த எடைக்கல்களை எல்லாம் அதன்மேல் அடுக்கினார். எண்ணைப் பார்த்தார். எடுத்து, மறுபடியும் அடுக்கினார்.

"முந்நூறு கிராம் கூடக் காட்டுதும்மா. கடைசியா எப்பச் சரிபாத்து முத்திரை போட்டாங்க?"

"அப்ப உங்க எடையிலயும் முந்நூறு கழிக்கணுமே சார்" என்றாள் அவள், பாவம், விளையாட்டாக.

"கழிக்கத்தான் வேணும். நாப்பத்தொம்பது புள்ளி ஒம்பதுன்னு எழுது."

நான்கு வாரம் நாங்கள் எண்ணிக் காத்திருந்த ஐம்பது. டாக்டர் பெண் அந்த எண்ணையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது போதும் சார், நம்பலாம்" என்று அடுத்த வாரத்துக்கு மருந்து எழுதினாள்.

வீட்டுக்குள் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து குரல் வந்தது.

"எவ்வளவு?"

"நாப்பத்தொம்பது புள்ளி ஒம்பது அத்தை."

"கோட்டோடயா, கோட்டு இல்லாமயா?"